மொட்டை மாடி அரிசி போதாது

பறவைகள் குறைந்துபோனதைப் பற்றிச் சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. செல்போன் டவர் வந்தது, சிட்டுக்குருவி போய்விட்டது. மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு கைப்பிடி அரிசியும் வைத்தால் திரும்பி வந்துவிடும். உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று பள்ளிக்கூடங்களில் பேசப்படுவதும், அட்டைப்பெட்டிக் கூடு வழங்கும் விழாக்களில் பேசப்படுவதும் இதுதான். முதல் வாக்கியத்தை 2018 நவம்பரில் வெளியான ‘2.0’ திரைப்படம் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தது. குளிர்நாட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்தில் தோட்டத்தில் இரைத்தட்டு தொங்கவிடும் வழக்கத்தைப் பார்த்து, புரட்டாசியில் வலசை வரும் பறவைகளுக்கும் நாம் இரை வைக்க வேண்டும் என்ற அறிவுரையும் இப்போது சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்பவர்களின் நல்ல மனத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணமும் தவறு, பரிகாரமும் தவறு. இரண்டும் சேர்ந்து, இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் உண்மையில் எந்தப் பறவை அழிகிறது, எதனால் அழிகிறது என்ற கேள்வியையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன.

முதலில் டவர். இந்தியாவில் செல்போன் சேவை 1995-இல்தான் தொடங்கியது. லண்டன் கென்சிங்டன் பூங்காவில் 1925-இல் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள் இருந்தன. 1948-இல் அது 885 ஆனது, 1975-இல் 544, 2000-இல் வெறும் 8. முதல் பெரிய வீழ்ச்சி நடந்த காலத்தில் உலகில் எங்கும் செல்போன் கிடையாது. குதிரை வண்டிகள் போய் மோட்டார் வண்டிகள் வந்த காலம் அது. குதிரைத் தீவனத்திலிருந்து சிந்திய தானியம் தெருவிலிருந்து மறைந்தது. பிரிட்டன் முழுவதும் குருவிகள் பாதிக்குமேல் குறையத் தொடங்கியதும் 1970-களின் நடுவில்தான். அப்போதும் டவர் இல்லை. பெல்ஜியத்திலும் ஸ்பெயினின் வல்லாடோலித் நகரிலும் கதிர்வீச்சு அதிகமான இடங்களில் குருவி குறைவு என்று கண்ட ஆய்வுகள் 2007-இல் வந்தன. டவர் வாதத்துக்கு எப்போதும் அவையே சாட்சி. அவை காட்டியது உடன்நிகழ்வை மட்டுமே. கட்டடம் நெருங்கி, புல்லும் செடியும் அற்றுப்போன நகர மையத்தில்தான் டவரும் நெருக்கமாக இருக்கும். குருவி போனது டவராலா, புல் போனதாலா என்பதை அந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது. முட்டைகளை ஆய்வகத்தில் கதிர்வீச்சுக்கு ஆட்படுத்திய சோதனைகளும் உண்டு. அவை மேலும் ஆராயப்பட வேண்டியவை. ஊரில் குருவி ஏன் இல்லை என்பதற்கு அவை விடை அல்ல. டவர் கதை இவ்வளவு எளிதாகப் பரவியதற்குக் காரணம் அதன் வசதி. டவரை வைத்தது எங்கோ இருக்கும் கம்பெனி; நம் வீடு, நம் வயல், நம் ஊராட்சி எதன்மீதும் பழி விழுவதில்லை.

குருவி இழந்ததைத் தேட வேண்டிய இடம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஓட்டு வீட்டின் இறவாரத்திலும் உத்தரத்துச் சந்திலும் அது கூடு கட்டியது. காரை வீட்டில் அந்தச் சந்து இல்லை. குலுக்கையில் கம்பும் சோளமும் இருந்த வீட்டில், புடைத்துத் தூற்றும்போது முற்றமெல்லாம் தானியம் சிந்தியது. இன்று தானியம் சாக்கில் கட்டிய அரிசியாகக் கடையிலிருந்து வருகிறது. களம் இல்லை, போர் இல்லை, கதிரடிப்பு எந்திரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு பூச்சி. தானியம் தின்னும் பறவை என்று நாம் நினைக்கும் சிட்டுக்குருவி, குஞ்சு பொரித்த முதல் நாட்களில் குஞ்சுக்கு ஊட்டுவது அசுவினி, புழு, சிறு வண்டு போன்ற பூச்சிகளையே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வு, பூச்சி போதாத புறநகர்களில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாவதைக் கண்டது. லண்டனில் குருவிக் கூட்டங்களுக்குப் புழுக்களையே இரையாக வைத்துச் சோதித்தார்கள். பறக்கும் வயதை எட்டிய குஞ்சுகள் கூடின. ஆனால் வளர்ந்த குருவிகளின் எண்ணிக்கை சிறு கூட்டங்களைத் தவிர வேறெங்கும் உயரவில்லை. புழுவே இந்த அளவுதான் உதவியது என்றால், குஞ்சுக்கு ஆகாத அரிசி என்ன செய்யும்?

நாம் இவ்வளவு கவலைப்படும் சிட்டுக்குருவியின் நிலைமையே வேறு. நாடெங்கும் பறவை நோக்கர்கள் அனுப்பிய பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2020-இல் வந்தபோது, சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக நாட்டளவில் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை, பெங்களூரு போன்ற ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த 3 கோடிப் பதிவுகளை அலசி, 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்திருந்தன. அதிகம் குறைந்தவை புல்வெளியையும் திறந்த நிலத்தையும் நம்பியவை, ஊனும் பூச்சியும் தின்பவை, தூர தேசத்திலிருந்து வலசை வருபவை. மறுமதிப்பீடு தேவை என்று அந்த அறிக்கை சுட்டிய பறவைகளுள் ஒன்று பனங்காடை. மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்து, எழும்போது நீலச் சிறகை விரிக்கும் பறவை அது. கரிசல்காட்டு ஊர் எதிலும் அதைத் தெரியாதவர் கிடையாது. அதற்காக எந்த ஊரிலும் விழா எடுக்கவில்லை. அதற்கு அரிசி வைத்தும் பயனில்லை. வெட்டுக்கிளியும் வண்டும் வேண்டும், கூடு வைக்கப் பட்டுப்போன பனையின் பொந்து வேண்டும்.

அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேரும் இருக்கன்குடியில் மாரியம்மன் கோயிலும் அணையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆடிக் கடைசி வெள்ளியின் கூட்டம் ஓய்ந்து புரட்டாசி பிறக்கையில், அணையில் நீர் சுருங்கிச் சேற்றோரம் விரிந்து கிடக்கும் பருவத்தில்தான் வடக்கிலிருந்து வரவு தொடங்குகிறது. சேற்றில் உள்ளான்கள், ஈரப் புல்லில் மஞ்சள் வாலாட்டிகள், கம்பியில் தகைவிலான்கள், முள்மரத்தின் உச்சியில் பழுப்புக் கீச்சான், புதருக்குள் கதிர்க்குருவிகள். நடு ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும் சூறைக்குருவியைச் சோளப்பட்சி என்று சோளக்காட்டோடு சேர்த்தே சொல்வார்கள். அதே திசையிலிருந்து வரும் பூனைப் பருந்துகள் வெறும் கரிசல்காட்டின் மேல் ஆள் உயரத்தில் மிதந்து வெட்டுக்கிளியும் வானம்பாடியும் பிடிக்கும். இரவில் மரத்தில் அடையாமல் புல்தரையிலேயே கூட்டமாகத் தங்கும். இவற்றில் எது மொட்டை மாடிக்கு வரும்? கிண்ணத்து அரிசிக்கு வருபவை காகம், புறா, மைனா, தவிட்டுக்குருவி, அணில். இவற்றுக்கு நம் தயவு தேவையில்லை. காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. குளிர்நாட்டில் இலையுதிர் காலம் பஞ்சத்தின் வாசல். இங்கே புரட்டாசி-ஐப்பசி மழையின் வாசல். முதல் மழையில் ஈசல் கிளம்பும், புல் முளைத்து விதை பிடிக்கும், பூச்சி பெருகும். பறவைக்கு இங்கே கடினமான காலம் பங்குனியிலிருந்து ஆடி வரை. தண்ணீர்க் கிண்ணம் வைப்பதானால் சித்திரையில் வைக்க வேண்டும், அதை நாள்தோறும் கழுவி வைக்க வேண்டும்.

‘வைத்தால் என்ன கெட்டுவிடும், குழந்தைகளுக்கு இரக்கமாவது பழகுமே’ என்பார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகளின் பக்தியை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பறவையை எண்ணாமல், முன்னோரை எண்ணி வைக்கும் சோறு அது. ஆனால் பறவையைக் காக்கிறேன் என்று வைப்பவர் கெடுதலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரிட்டனைவிட அன்பாகப் பறவைக்கு இரை வைத்த நாடு குறைவு. அங்கே 2005-க்குப் பின் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய், பல பறவைகள் ஒரே தட்டில் வாய் வைத்ததால் பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்னும் தோட்டத்துக் குருவியை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அழித்தது. 2021-இல் அது அழிவுச் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. அந்தக் கிருமி புறாக்களின் தொண்டையில் சாதாரணமாக வாழ்வது. நம் மாடித் தட்டில் முதலில் வந்து கூடுவதும் புறாதான். அதோடு உப்புப் போட்ட மிச்சச் சோறும் காராச்சேவும் கலந்தால் அது பறவைக்குச் செய்யும் உதவி ஆகாது. இரக்கத்தைப் பழக்க வேண்டுமானால், பறவை தன் இரையைத் தானே தேடும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துப்போய்க் காட்டலாம். தட்டுக்கு வரும் காகத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பூனைப் பருந்து ஒன்று இருந்ததே தெரியாது. தெரியாதது போனால் தேடவும் மாட்டான்.

பழைய கரிசல் வாழ்வை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் வலு விளங்கும். அன்று யாரும் குருவிக்கு இரை வைக்கவில்லை. கம்பும் சோளமும் பால்பிடிக்கும் நாட்களில் பரண் கட்டி, கவண் சுற்றி, தகரம் தட்டி விரட்டினார்கள். விரட்ட விரட்டத் தினைக்குருவியும் தூக்கணாங்குருவியும் பெருகியிருந்தன. கதிரில் பறித்தது கொஞ்சம். நிலம் தானாகத் தந்ததுதான் அதிகம். வரப்பில் புல், ஓடைக்கரையில் முள், கிணற்றோரம் பனை, அறுவடைக்குப்பின் உழாமல் கிடந்த தாள், எல்லாவற்றிலும் பூச்சி. இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி மக்காச்சோளம். 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபின், முளைவிட்ட நாளிலிருந்தே மருந்தடிக்கும் பயிராக அது ஆகிவிட்டது. கம்பெனி விதை பூச்சிக்கொல்லிப் பூச்சோடுதான் வருகிறது. வட அமெரிக்காவின் வலசைக் குருவி ஒன்றுக்கு, அப்படிப்பட்ட பூச்சு மருந்தான இமிடாகுளோபிரிட்டை, பூசிய ஒரு மக்காச்சோள விதையில் இருப்பதற்கும் குறைவான அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் குருவியின் எடை குறைந்தது. அதன் பயணம் சுமார் மூன்றரை நாள் தள்ளிப்போனது. 1995-96-இல் அர்ஜென்டினாவின் பம்பா சமவெளியில் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ், வலசை வந்த ஸ்வைன்சன் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே மருந்தை நம் பருத்திக்காடுகள் பல பத்தாண்டுகள் குடித்திருக்கின்றன. புரட்டாசி விதைப்பும் வலசை வரவும் ஒரே மாதத்தில் நடக்கின்றன என்பதை மாடித் தட்டு வைக்கச் சொல்பவர் யாரும் பேசுவதில்லை.

நிலத்தையும் நாமே மாற்றிக்கொண்டிருக்கிறோம். மேய்ச்சல் புறம்போக்கும் பயிரில்லாத கரிசலும் அதிகாரிகள் கண்ணுக்கு வீண்நிலம். அதை மரத்தால் மூடுவது புண்ணியம் என்ற எண்ணம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக்க 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தோடு இன்னும் வலுத்திருக்கிறது. சாலையோரத்திலும் ஊர்ப் பொதுவிலும் மரம் வேண்டும்தான். ஆனால் வானம்பாடியும் கல்கௌதாரியும் பூனைப் பருந்தும் மரமில்லாத வெளியை நம்பிய பறவைகள். அவற்றின் புல்தரையில் கன்று நடுவது அவற்றின் வீட்டைப் பறிப்பது. இன்னொரு பக்கம், யாரும் நடாமலே சீமைக்கருவேலம் அந்த வெளியை விழுங்குகிறது. அதை வேரோடு பிடுங்க மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-இல் கடுமையாக உத்தரவிட்டது. நோக்கம் சரி. ஆனால் கண்மாய்க்குள் நிற்பதையெல்லாம் ஒரே கணக்கில் வெட்டும்போது நாட்டுக்கருவேலமும் சேர்ந்து போகிறது. 1980-களில் ஸ்வீடன் நிதியுதவியோடு நடந்த சமூகக் காடுத் திட்டத்தில் நட்ட அந்தக் கருவேல மரங்களில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டின. எந்த மரம், எந்த மாதம் என்று பார்க்காமல் கண்மாய் மரத்தை ஏலம் விடுவது, அடைகாக்கும் கூட்டைச் சேர்த்து விற்பதாகும். பனையின் கதியும் அதுவே. மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனை வெட்டக்கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனாலும் செங்கல் சூளைக்குப் போகும் லாரியில் பனை ஏறுவது நின்றபாடில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு விவசாயியிடமிருந்துதான் வரும். ‘மயில் கடலையைக் கிளறுகிறது, கிளி கதிரைக் கடிக்கிறது, இன்னும் பறவை வேண்டுமென்றால் நாங்கள் எங்கே போவது?’ நியாயமான கோபம். மயில் நாடெங்கும் வேகமாகப் பெருகுவதை 2023 அறிக்கையே சொல்கிறது. சீமைக்கருவேலப் புதர் அதற்கு மறைவிடம் தருகிறது. அதைப் பிடித்துத் தின்னும் விலங்குகள் குறைந்துவிட்டன. சேதத்துக்கு இழப்பீடு கேட்பது விவசாயியின் உரிமை, அது காலத்தோடு கிடைக்க வேண்டும். ஆனால் மயிலும் கரிச்சானும் ஒன்றல்ல. பயறிலும் பருத்தியிலும் காய்ப்புழுவைத் தின்னக் கரிச்சான் வந்து உட்கார ஏக்கருக்கு இருபது பறவைத் தாங்கிக் குச்சிகள் நடச் சொல்வது வேளாண்மைத் துறையின் பழைய பரிந்துரை. குச்சியை நட்டுவிட்டு மறுவாரமே மருந்தடித்தால் கரிச்சானுக்கு அங்கே என்ன வேலை? விவசாயியிடம் நாம் கேட்பது ஒருபடி தானியம் கூட இல்லை. வரப்புப் புல்லுக்குத் தீ வைக்காதிருப்பது, ஓடைப் புறம்போக்கைச் சேர்த்து உழாதிருப்பது, புழு கண்ணில் பட்ட பிறகே மருந்தை எடுப்பது. மூன்றுமே அவருக்குச் செலவைக் குறைப்பவை.

பட்டாசைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் பறவையைப் பற்றிப் பேச முடியாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், 1977-இல் சரணாலயமான கண்மாய்களை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூடு கட்டும் மரங்களின் அடியில் அந்த முடிவு முற்றிலும் சரி. நெதர்லாந்தில் புத்தாண்டு வெடிச்சத்தத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் எழும்பி உயரப் பறப்பதை ரேடார் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பயம் கற்பனையில்லை. ஆகவே இருக்கன்குடி அணைக்கரையிலும் கொக்கு அடையும் கண்மாய்களிலும் வெடிக்காதிருக்க ஊர்கள் முடிவெடுத்தால் வரவேற்க வேண்டும். ஆனால் வருடத்தில் ஓரிரவைக் காட்டி, பட்டாசுத் தொழிலாளிதான் பறவையின் எதிரி என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுபவர், தன் தட்டுக்கு வரும் தானியத்தின் மேல் மீதி 364 நாளும் என்ன அடிக்கப்படுகிறது என்று கேட்பதில்லை.

கிண்ணம் வைக்கும் கை சும்மா இருக்க வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது. தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை 2011 முதல் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். ஆனால் அவை தை மாதத்துக் கணக்கு. வலசை வரவின் தொடக்கம் புரட்டாசி. சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகள் மார்ச் 20-க்கு அட்டைக் கூடு செய்யும் நேரத்தை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஊர்க் கண்மாயில் கால் மணி நேரம் நின்று எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவதற்குச் செலவிடலாம். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம், புரட்டாசியிலேயே வரும் அக்டோபர் 2 கிராம சபை. இந்தக் கண்மாயின் நாட்டுக்கருவேலத்தைக் கூடு இருக்கும் மாதங்களில் ஏலம் விடக்கூடாது, இந்தச் சர்வே எண்ணில் உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் மரம் நடவும் கூடாது, சீமைக்கருவேலம் ஏறவும் விடக்கூடாது, இந்தக் கிணற்றோரப் பனைகளும் பட்ட பனைகளும் நிற்கட்டும் என்று இடம் குறித்துத் தீர்மானம் போடலாம். ஊர்த் தீர்மானத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு, நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் பதில் சொல்லும். அங்கே 1994-இல் சரணாலய அறிவிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டிய நாரைகளை ஊரே காவல் காத்து வந்தது. அரசாணை பின்னால்தான் வந்தது.